செம்பாவின் மணி

"அம்மா, இந்தத் தடவையும் செம்பா கன்னை வீசிடுமா?"

கேட்டவர் திருவேங்கடம். வயது அறுபத்து மூன்று. பதில் சொல்ல வேண்டியவள் சின்னம்மா. வயது முப்பத்தொன்பது.

கேட்டவர்தான் சீடர். அவள்தான் குரு.

மலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை மாற்றித்தான் புரிந்துகொள்வார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, சின்னம்மாவிடம் டீ கேட்பார்கள். அவளும் போட்டுக் கொடுப்பாள். கூச்சத்தில் நெளிவது திருவேங்கடம்தான்.

மடம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக்கூரை போட்ட இரண்டு அறை. ஒரு தொழுவம். மேற்கே, காற்றை மறிக்க வரிசையாகப் பதினொரு சைப்ரஸ் மரங்கள். சின்னம்மாவின் குருவான பெரியம்மா நட்டவை. பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். மரங்கள் நிற்கின்றன.

செம்பா மடத்து மாடு இல்லை. கீழ்த்தெரு மூக்காயியின் மாடு. அவளுக்கு இருப்பது அந்த ஒன்றுதான். அவள் வீட்டில் தொழுவம் கிடையாது. அதனால் பொழுது சாய்ந்தால் செம்பா மடத்துக்கு வந்துவிடும். மடத்தின் கிழட்டுக் காளைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

போன தை மாதம், எட்டு மாதச் சினையில், செம்பா உயிரில்லாத கன்றை வீசியது. அதற்கு முந்தின தையிலும் அப்படித்தான்.

இரண்டும் முழு உருவமாக இருந்தன. குளம்புகூட வந்திருந்தது. முதல் கன்றைத் திருவேங்கடம் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார். இரண்டாவதைத் தூக்க அவரால் முடியவில்லை. சின்னம்மா தூக்கினாள்.

இப்போது மார்கழி பிறந்து ஆறு நாள். செம்பாவுக்கு ஏழு மாதம்.

"சொல்லுங்கம்மா. வீசிடுமா?"

சின்னம்மா பால் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"என்னைக் கேட்டா எனக்கு என்னங்கய்யா தெரியும்?"

"குருகிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேக்குறது?"

"வயித்துல சுமக்கிறவ செம்பா. அவளக் கேளுங்க."

*

அன்று காலை மூக்காயியும் மேலே ஏறி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"அடிமாட்டு லாரிக்காரன் சனிக்கிழமை வந்து கேட்டுட்டுப் போனான், சின்னம்மா. இப்ப இல்லைன்னு அனுப்பிட்டேன்."

"நல்லது."

"இந்தக் கன்னு நின்னா மாடும் நிக்கும். நிக்கலேன்னா ஏத்தி விட்டுருவேன். இன்னொரு தடவ அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

சின்னம்மா டீ ஊற்றி நீட்டினாள். மூக்காயி வாங்கவில்லை.

"எங்க ஆத்தாளுக்கு மூணு போச்சு. நாலாவது நான். மூக்கக் குத்தி, மூக்காயின்னு கூப்பிட்டாங்க, நின்னுட்டேன்." மூக்காயி தொழுவத்தைப் பார்த்தாள். "இவளுக்கு மூக்கணாங்கயிறே போட்டாச்சு. இனி எதக் குத்தச் சொல்றீங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

திருவேங்கடம் எழுந்து தொழுவத்துக்குப் போய் மாட்டின் கழுத்தைத் தடவினார். அவருக்குச் செம்பாவின் மேல் உயிர். சீடர்களுக்கு இந்த மாதிரிப் பற்று ஆகாது என்பார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

*

காரணம் தேடாமல் இல்லை.

இடம் சரியில்லை என்றார்கள் ஊரில். கண்ணேறு என்றார்கள். கீழேயிருந்து மாட்டு டாக்டர் இரண்டு தடவை வந்து ரத்தம் எடுத்துப் போனார். கன்று வீச்சு நோய் இல்லை என்று இரண்டு தடவையும் சொல்லிவிட்டார்.

"தீனி என்ன போடுறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

திருவேங்கடம் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் வரிசையாகச் சொன்னார். பகலில் மேய்ச்சல். சாயங்காலம் வைக்கோல். இரண்டு கை தவிடு. ஒரு கட்டி உப்பு.

டாக்டர் எழுதிக்கொண்டார். ஒன்றும் தப்பில்லை என்றார்.

முப்பத்து நாலு வருடம் பிள்ளைகளிடம், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல் என்று சொன்னவர். அவரும் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னார்.

*

மறுநாள் விடிந்ததும் சின்னம்மா ஒரு பழைய மாட்டுமணியை எடுத்து வந்தாள். கயிறு கோத்திருந்தது.

"குனிங்கய்யா."

குனிந்தார். அவர் கழுத்தில் கட்டினாள்.

"எதுக்கும்மா இது?"

"செம்பா கழுத்துல ஒண்ணு இருக்குல்ல. அவ போற எடமெல்லாம் போங்க. அவ வாய் வைக்கிற எடத்துல நீங்க மூக்க வைங்க. மாடு பேசாது. கூடப் போனாத்தான் சொல்லும்."

திருவேங்கடம் போனார். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் பென்சில், கழுத்தில் மணி.

ஊர் சும்மா விடுமா? உருளைக்கிழங்குக் காட்டில் நின்ற பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தனை துக்கத்திலும் மூக்காயிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"வாத்தியாரே, வேளைக்கு எத்தன லிட்டரு?"

"தவிடு போடுறதப் பொறுத்தது" என்றார் திருவேங்கடம்.

மூன்று நாள் நடந்தார். சரிவெல்லாம் பனியில் கருகிக் கிடந்தது. செம்பா ஒரு பிடி பச்சைக்காகப் பாறை பாறையாக ஏறியது. அது கடித்த இடத்தில் எல்லாம் அவர் மண்டியிட்டு முகர்ந்து பார்த்தார். பேர் தெரிந்ததற்குப் பேர் எழுதினார். தெரியாததற்குப் படம் வரைந்தார்.

சைப்ரஸ் மரங்களைத் தாண்டித்தான் தினமும் போனார்கள். செம்பா அவற்றை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிளைகள் அதற்கு எட்டாத உயரத்தில் இருந்தன.

மூன்றாம் நாள் சாயங்காலம் நோட்டைக் கொண்டுவந்து சின்னம்மா முன்னால் வைத்தார்.

"இருபத்தேழு செடிம்மா. ஒண்ணுகூட விடல. ஊரு மாடெல்லாம் இதத்தான் திங்குது. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

சின்னம்மா நோட்டைத் திறக்கவில்லை. அவர் கழுத்தைப் பார்த்தாள்.

"மணி எங்க?"

"கழட்டி ஆணியில மாட்டிட்டேன். மாட்டைக் கட்டியாச்சே."

"செம்பா கழட்டிட்டாளா?"

தொழுவத்திலிருந்து மணிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

*

தொழுவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

அதன் தரை பாறை. மார்கழியில் கால் வைத்தால் எலும்புவரை ஏறும். வைக்கோல் கீழேயிருந்து வர வேண்டும். வருவது மாட்டின் வாய்க்கே பற்றாது. படுக்கைக்கு எங்கே போவது?

வழி கண்டுபிடித்தவர் திருவேங்கடம். இரண்டு வருடம் முன்பு கார்த்திகையில் மடத்துக்கு வந்தார். மார்கழியில் பனி இறங்கியதும் தொரட்டியை எடுத்துக்கொண்டு போய் சைப்ரஸ் மரத்தின் இளங்கிளைகளை இழுத்து அறுத்தார். கனமான குச்சிகளை ஒடித்துப் போட்டுவிட்டு, மெத்தென்ற இலைக்கொத்தை மட்டும் பாறைமேல் விரித்தார். வாசனையாக வேறு இருந்தது. அன்றிலிருந்து பனிக்காலத்தில் தினமும் அது அவர் வேலை.

படுக்கை விரிப்பது அவருக்குக் கைவந்த வேலை. மனைவி விசாலம் கடைசி ஒன்பது மாதம் படுத்த படுக்கையாக இருந்தாள். காலையிலும் மாலையிலும் அவளைப் புரட்டி, விரிப்பை மாற்றி, ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்தது அவர்தான். நர்ஸைக்கூடத் தொட விட்டதில்லை. அவள் போன பிறகு அந்தக் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மலைக்கு வந்ததே அதனால்தான்.

செம்பா வந்து அந்த இலைமேல் உடம்பைச் சாய்க்கும்போது ஒரு பெருமூச்சு விடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டால் அன்றைக்குத் திருவேங்கடத்துக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

*

மணியை மறுபடி மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குள் போனார்.

பொழுது அடங்கும் நேரம். செம்பா படுத்திருந்தது. கூடப் போ என்று சொல்லியாயிற்று, படுத்தால் கூடப் படுக்கத்தானே வேண்டும்? தான் விரித்த படுக்கையில், செம்பாவின் வயிற்றுப் பக்கம், மெதுவாகப் படுத்தார். உள்ளே கன்று ஒருமுறை உதைத்தது. அவர் முதுகில் தெரிந்தது.

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

காதுக்குப் பக்கத்தில் ஏதோ இழுபட்டது.

கண்ணைத் திறந்தார். செம்பா கழுத்தை வளைத்து, அவர் தோளுக்கு அடியிலிருந்து ஒரு இலைக்கொத்தை நாக்கால் சுற்றி இழுத்தது. மென்றது. விழுங்கியது. இன்னொன்றை இழுத்தது.

அந்தப் பக்கம் கிழட்டுக் காளையும் மென்றுகொண்டிருந்தது.

தினமும் காலையில் படுக்கை மெலிந்து கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். மிதிபட்டு நசுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் இன்னும் தடிமனாக விரித்திருக்கிறார்.

நோட்டில் இருபத்தேழு பேர் இருந்தன. இந்தப் பேர் இல்லை.

கணக்குப் போட்டார். நான் வந்தது கார்த்திகை. விரிக்க ஆரம்பித்தது மார்கழி. முதல் கன்று போனது தை.

அதற்கு முன்னால் செம்பா இரண்டு ஈத்து ஈன்றிருக்கிறது. இரண்டும் நல்லபடியாக நின்றன.

திருவேங்கடம் செம்பாவின் வாயில் கையை விட்டு, மெல்லாமல் இருந்ததைப் பிடுங்கினார். பிறகு படுக்கையை இரண்டு கையாலும் வாரினார். பாறை தெரிகிற வரைக்கும் வாரினார். செம்பா மிரண்டு எழுந்து நின்றது.

*

மறுநாள் காலை, சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார். சின்னம்மா பக்கத்தில் நின்றாள்.

"சைப்ரஸ் இலையா?" என்றார் டாக்டர். "அது சினை மாட்டுக்கு ஆகாதுங்களே. அதை யாரு திங்கக் குடுத்தா?"

"திங்கக் குடுக்கல, டாக்டர். படுக்கத்தான் போட்டேன்."



"படுக்கையப் பத்தி நான் கேக்கவே இல்லையே ஐயா" என்றார் டாக்டர்.

"காளை நல்லா இருக்கே?"

"சினை இல்லாததுக்கு ஒண்ணும் ஆகாது. கடைசி மூணு மாசம்தான் ஆபத்து. மேய்ச்சலும் இல்லாம பனியும் இருந்தா இன்னும் ஜாஸ்தி திங்கும். இந்த வருசம் எத்தன நாளாத் தின்னுருக்கும்?"

"ஒன்பது நாள்."

"இன்னியோட நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன். கன்னு தாங்கிடுமா?"

"சொல்ல முடியாதுங்க. பொறுத்துத்தான் பாக்கணும்."

போனைப் பையில் வைக்கப் பார்த்தார். பை எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. மூன்று தடவை தடவினார்.

*

நேரே போய்த் தொரட்டியை எடுத்தார்.

"பதினொண்ணையும் இன்னிக்கே மொட்டையடிச்சுட்டு, நாளைக்கு ஆள விட்டு வெட்டிடுறேன்."

அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில்கூடப் பிரம்பு எடுத்ததில்லை. இப்போது முகமெல்லாம் சிவந்து, வெறி பிடித்தவர்போல் ஒரு பெரிய கிளையை இழுத்து அறுத்தார். மடமடவென்று அது சரிவில் வந்து விழுந்தது.

விழுந்த சத்தம் கேட்டதும், கீழே கருகின புல்லில் மேய்ந்துகொண்டிருந்த செம்பா தலையைத் தூக்கியது. இரண்டு வருடமாகப் பனிக்காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் படுக்கை வரும் என்று அதற்குத் தெரியும். முளையைப் பிடுங்கிக்கொண்டு, கனத்த வயிற்றோடு, ஓட்டமும் நடையுமாக மேலே ஏறி வந்தது.

திருவேங்கடம் தொரட்டியைப் போட்டார். கிளையை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. செம்பா வந்துவிட்டது.

அவர் கிளையின் மேல் குப்புற விழுந்தார். கையையும் காலையும் விரித்து, முடிந்த மட்டும் மூடிக்கொண்டார்.

செம்பா அவரை முகர்ந்தது. நாக்கால் அவர் பிடரியை ஒருமுறை நக்கியது. பிறகு அவர் விலாவுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த இலையை நோக்கிக் குனிந்தது.

சின்னம்மா ஓடி வந்து கயிற்றைப் பிடித்தாள்.

"எந்திரிங்கய்யா."

அவர் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மரம் அதுபாட்டுக்கு எட்டாத உயரத்துல நின்னுதும்மா. நான்தான் இறக்கி, குச்சி பொறுக்கி, மெத்தையாக்கிக் குடுத்தேன்."

சின்னம்மா செம்பாவை நடத்திக்கொண்டு போய் மரங்களுக்குக் கிழக்கே நிறுத்தினாள். அங்கே காற்று இல்லை. பிறகு மரவரிசை முடிகிற இடத்தைத் தாண்டி நிறுத்தினாள். மேல்காற்று வந்து அறைந்தது. செம்பாவின் உடம்பு நடுங்கியது.

"எங்க கட்டட்டும், ஐயா?"

திருவேங்கடம் எழுந்து உட்கார்ந்தார். தாடியெல்லாம் இலை. மரங்களுக்குக் கிழக்கே கையைக் காட்டினார்.

அறுத்த கிளை, வாரிய படுக்கை எல்லாவற்றையும் அன்றைக்கே குழி தோண்டிப் புதைத்தார். முதல் கன்றைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் மண் இளக்கமாக இருந்தது.

*

"நான் கீழ இறங்கிப் போயிடுறேன்மா."

"போங்க. மூக்காயிகிட்ட சொல்லிட்டுப் போங்க."

போய்ச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

மூக்காயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"ரெண்டும் உங்க கையாலயா?"

"ஆமா."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

திருவேங்கடம் அந்தக் கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கீழே இறங்குகிற பஸ் வந்து நின்று போனது. அவர் ஏறவில்லை. செம்பாவுக்கு என்ன ஆகிறது என்று தெரியாமல் எப்படிப் போவது? திரும்பி மேலே வந்தார்.

"எனக்கு என்ன பரிகாரம்மா?"

"எனக்குச் சொல்றதுக்கும் ஒரு ஆளத் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றாள் சின்னம்மா.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு வருசமா தினமும் அந்தப் படுக்கையப் பாத்தேன். எவ்வளவு நல்லா விரிச்சிருக்கீங்கன்னு சொன்னவளே நான்தானே."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. குரு அழுது அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் அடுப்பின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

*

இரண்டு நாள் கழித்து மூக்காயி ஒரு கட்டு வைக்கோலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். தொழுவத்து வாசலில் போட்டாள். திருவேங்கடத்தைப் பார்க்கவில்லை. போய்விட்டாள்.

அவர் அதைத் தூக்கி வாசற்படியில் வைத்தார். உள்ளே போகவில்லை.

அன்றிலிருந்து அவர் தொழுவத்துக்குள் காலே வைக்கவில்லை. தண்ணீர் சுமந்தார், சாணிக்கூடையை வாங்கிக் கொட்டினார், எல்லாம் வாசலோடு சரி. செம்பா கழுத்தை நீட்டினால் இரண்டு எட்டு பின்னால் போவார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். படுக்கையைச் சின்னம்மா விரித்தாள். அவளுக்கு அது அவ்வளவு நன்றாக வராது. கோணல் மாணலாகக் கிடக்கும். அவர் பார்ப்பார். வாயைத் திறக்க மாட்டார்.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று ஊரே வந்து செம்பாவுக்குப் பூ போட்டது. அவர் மரத்தடியில் நின்று பார்த்தார்.

தையின் ஒவ்வொரு காலையும் அவருக்குப் பரீட்சை முடிவு மாதிரி. விடிந்ததும் தொழுவத்துக்கு வெளியே நின்று கேட்பார்.

"இருக்காம்மா?"

"இருக்கு."

அதற்குப் பிறகுதான் பல் தேய்க்கப் போவார்.

தை முடிந்தது. கன்று இருந்தது.

*

மாசி எட்டாம் தேதி விடிகாலை செம்பா கத்தியது.

மூக்காயி முந்தின நாளே வந்து தங்கியிருந்தாள். அவளும் சின்னம்மாவும் உள்ளே. திருவேங்கடம் வாசலில். கைகள் முதுகுக்குப் பின்னால்.

நேரம் ஆனது. செம்பா முக்கியது. நின்றது. மறுபடி முக்கியது.

"கால் தெரியுது" என்றாள் சின்னம்மா.

மூக்காயி செம்பாவின் முதுகைத் தேய்த்தாள்.

பிறகு சொத்தென்று ஒரு சத்தம்.

திருவேங்கடம் கண்ணை மூடிக்கொண்டார். முந்தின இரண்டு தடவையும் அந்தச் சத்தத்துக்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் மௌனம்தான்.

உள்ளே யாரோ தும்மினார்கள்.

மூக்காயியும் இல்லை. சின்னம்மாவும் இல்லை.

அவர் கண்ணைத் திறந்தார். கோணலாகக் கிடந்த வைக்கோலின் மேல், கறுப்பாக, நனைந்து, ஒரு கன்று தலையை ஆட்டி இன்னொரு முறை தும்மியது.

செம்பா எழுந்திருக்கவில்லை. களைத்துப்போய்க் கழுத்தைத் தரையில் போட்டிருந்தது. கன்றை நக்க அதற்குத் தெம்பில்லை. மூக்காயி அதன் தலையை மடியில் தாங்கி வெல்லத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். சின்னம்மா நஞ்சுக்கொடியைக் கவனித்துக்கொண்டிருந்தாள். தகரக்கூரையின் இடுக்கெல்லாம் பனிக்காற்று இறங்கியது. கன்றின் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

திருவேங்கடம் தோளிலிருந்த துண்டை எடுத்தார். வாசற்படியைத் தாண்டாமல், கையை எட்டின மட்டும் நீட்டினார்.

துண்டை யாரும் வாங்கவில்லை.

"உள்ள வாங்கய்யா" என்றாள் சின்னம்மா.

அவர் நீட்டிய கையைப் பார்த்தார்.

"இந்தக் கையாலயாம்மா?"

சின்னம்மா மூக்காயியைப் பார்த்தாள்.

மூக்காயி இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கன்னுக்குக் குளுருது, வாத்தியாரே."